அன்னம் சீறுவது ஏன்

அந்தக் காலத்தில் அன்னப்பறவைகள் பேசும். பேசும் என்றால் சும்மா இல்லை, காது புளித்துப்போகும் அளவுக்குப் பேசும். இங்கிலாந்தில் மார்ல்விக் என்று ஓர் ஆற்றங்கரை ஊர். அந்த ஊர் ஆற்றிலும் ஓர் அன்னம் இருந்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் சொல்வோமே, அந்த வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் ஆற்றின் அடிமண் அதற்கு அத்துப்படி. எங்கே சரளை, எங்கே களிமண், எங்கே கால் வைத்தால் உள்ளே இழுக்கும் புதைசேறு என்று கழுத்தை விட்டுத் துழாவித் துழாவித் தெரிந்துவைத்திருந்தது.

ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் கண்ணில் வளர்ந்தவர்கள். அம்மாக்கள் பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவார்கள். "ஏய், அந்தப் பக்கம் போகாதே, பள்ளம்!" என்று அன்னம் ஒரு குரல் கொடுத்தால் போதும், எப்பேர்ப்பட்ட வாலும் அடங்கிவிடும்.

ஓடக்காரர் மகள் ஹெஸ்டரும் அப்படி வளர்ந்தவள்தான். சின்ன வயதில் அவள் ரொட்டியில் பாதி அன்னத்துக்குத்தான். ஆற்றின் அடிமண்ணை அவளுக்கும் அது அங்குலம் அங்குலமாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. அப்பா போன பிறகு ஓடம் அவள் கைக்கு வந்தது. வீடுகள் இந்தக் கரையில், சந்தையும் மாதாகோயிலும் அந்தக் கரையில். அவள் துடுப்புப் போடாவிட்டால் அந்த ஊரில் கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. புருஷன், பிள்ளை என்று யாரும் இல்லாதவளுக்கு அந்த ஓடம்தான் எல்லாம்.

ஒரு கோடையில் ஊர் கூடிப் பாலம் கட்ட முடிவு செய்தது. வால்டர் என்கிற தச்சு மேஸ்திரி தன் ஏழு வயது மகள் மேபலோடு வந்து இறங்கினார். ஓடத்துறைக்குப் பக்கத்திலேயே கயிறு பிடித்து முளை அடித்தார். பாலம் வந்துவிட்டால் ஹெஸ்டரின் ஓடத்தில் யார் ஏறுவார்கள்? நடுத்தூண் இறங்கப்போகும் இடத்தில் மேலே ஒரு முழம் சரளை, அதற்கு அடியில் முழுக்கப் புதைசேறு. அந்த விஷயம் அவளுக்கும் அன்னத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

"எதுக்கும் நாளைக்கு அன்னத்தை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார் மேஸ்திரி.

அன்று சாயங்காலமே ஹெஸ்டர் ஓடத்தை அன்னம் தங்கும் நாணல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"நாளைக்கு உன்கிட்ட கேப்பாரு. சொல்லிடாதே."

"எனக்குப் பொய் வராதே, ஹெஸ்டர். வாயைத் திறந்தா உள்ளதுதான் வரும்."

"அப்போ திறக்கவே திறக்காதே. தொண்டை கட்டிப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. மழை வெள்ளம் வந்தா பாலம் தானா சாஞ்சிடும். அந்த வெள்ளத்துல யாரு அது மேல ஏறப்போறா? மரந்தான் போகும், உயிர் போகாது. அதோட விட்டுடுவாங்க. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதே இல்லை. அதுதான் அன்னத்தைக் கட்டிப்போட்டது. அது அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

மறுநாள் மேஸ்திரி மூன்று முறை கேட்டார். "இங்க அடி கெட்டியா? தூண் தாங்குமா? சொல்லேன்!" அன்னம் வாயே திறக்கவில்லை. மேஸ்திரி சிரித்துவிட்டார். "இந்த வாயாடி, குறை இருந்தா ஊரைக் கூட்டியிருக்காதா? சும்மா இருக்குன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். இறக்குங்கப்பா தூணை!"

ஊரெல்லாம் அன்னத்துக்குத் தொண்டைக்கட்டு என்று பேச்சாகிவிட்டது. மேபல் தினமும் ரொட்டியில் தேன் தடவிக்கொண்டு வருவாள். "எனக்காக ஒரே ஒரு வார்த்தை பேசேன்" என்று கெஞ்சுவாள். அன்னம் தேனைத் தின்னும், பேசாது. ஹெஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துடுப்புப் போடுவாள்.

மழைக்காலம் வந்தது, வெள்ளமும் வந்தது. பாழாய்ப்போன பாலம் அசையவில்லை. பனிக்காலம் போனது, அப்போதும் நின்றது. வசந்தத்தில் மேல்பலகையெல்லாம் அடித்து முடித்தார்கள். அன்னம் ஓடத்தை ஒட்டி வந்து ஹெஸ்டரின் முகத்தையே பார்த்தது. என்ன கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"இப்போ சொன்னா, அப்பவே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க" என்றாள். "உன்னையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க. விடு, அதான் நிக்குதே. நமக்குத்தான் மண்ணு சரியாத் தெரியலை போல."

சொன்னாளே தவிர, அவளே அதை நம்பவில்லை.

மே மாதம் முதல் தேதி பாலத் திறப்பு. பிள்ளைகள் கையில் பூவோடு முதலில் நடந்து போவது என்று ஏற்பாடு. எல்லாருக்கும் முன்னால் மேபல். ஹெஸ்டரின் ஓடத்தில் அன்று ஓர் ஆள்கூட ஏறவில்லை. அவள் துறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தது அன்னம்தான். நடுத்தூண் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.

அது அடித்துப்பிடித்துக்கொண்டு கரையேறிப் பாலத்தின் வாயில் போய் நின்றது. மேபலுக்கு எதிரே இரண்டு சிறகையும் விரித்தது. "போகாதே" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. ஆனால் எட்டு ஒன்பது மாதம் இறுக்கி மூடியிருந்த தொண்டை அல்லவா? குரல் வரவில்லை. "ஸ்ஸ்ஸ்" என்று வெறும் காற்றுதான் வந்தது.

மேபல் கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா, இதுக்குத் தொண்டை சரியாகுது! என்கூட விளையாடுது பாருங்க!" என்று சிறகுக்கு அடியில் புகுந்து ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஹெஸ்டருக்குக் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் கத்தியிருக்கலாம். இன்றைக்கு ஒரு நாள் தாங்கிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் நடுப்பாலம் மடங்கி உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவளைப் போல் யாரும் துடுப்புப் போட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரில் விழுந்த பிள்ளைகள் பதினோரு பேர். பத்துப் பேரை ஓடத்தில் இழுத்துப் போட்டாள். மேபலை மறுநாள் காலையில் கீழ்க்கரையில் எடுத்தார்கள்.

"நீ இல்லேன்னா பதினொண்ணும் போயிருக்குமே, அம்மா" என்று மேஸ்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஹெஸ்டர் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவள் காலம் முடியும்வரை அந்த ஊரில் யாரும் பாலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஓடம் அவளிடமே இருந்தது. ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது, அதில் ஒரு நாள்கூட அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

"என்னைத் திட்டவாவது செய்யேன்" என்று நரைத்த தலையோடு அன்னத்திடம் கேட்பாள். அவள் நீட்டும் பாதி ரொட்டியை எப்போதும்போல் வாங்கிக்கொண்டு, அது பேசாமல் நீந்திப் போய்விடும்.

அன்று முதல்தான் அன்னங்களுக்குப் பேச்சு போனது. இன்றைக்கும் குழந்தைகள் தண்ணீரோரம் வந்தால் ஓடி வந்து சிறகை விரித்துச் சீறுகின்றன. பொல்லாத பறவை என்று அம்மாக்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேபலிடம் சொல்ல வராத அந்த ஒரு வார்த்தையைத்தான் அவை இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.