விராலும் வெறுங்கையும்

அந்தக் காலத்திலே ஆலங்குறிச்சிச் சீமையைக் கண்டீரவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன கிறுக்குப் பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் ஏரிக்காரர்கள் முழங்கை நீள விரால் ஒன்றை அண்டாத் தண்ணீரோடு சபைக்குக் கொண்டுவந்தார்கள். ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். அது வழுக்கி எழும்பி, மீசையில் ஓர் அறை வைத்துவிட்டு அண்டாவுக்குள்ளேயே விழுந்தது. சபையோர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். மந்திரி வெள்ளையப்பன் மட்டும் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துத் தொலைத்தார்.

"சிரிப்பா வருகிறது? நீர் பிடித்துக் காட்டும்! நான் வெற்றிலை மென்று முடிக்கிறவரை மீன் கையில் இருக்க வேண்டும். நழுவினால் மந்திரி முத்திரையைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டும்!"

பொக்கிஷக்காரர் மார்த்தாண்டனுக்கு வாயெல்லாம் பல். அந்த முத்திரை மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். வேர்வைக்குப் பயந்து கழுத்திலிருந்து விரல் நுனிவரை சந்தனப் பொடியை அப்பிக்கொண்டு திரிகிற ஆள். நடந்தால் பின்னால் புழுதி கிளம்பும்.

"மகாராஜா, மீன் அரிகிறவர்கள் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் விராலைப் பிடிப்பார்கள். அந்தத் தந்திரம் இங்கே செல்லாது. சாம்பல், தவிடு, துணி எதையும் மந்திரி கொண்டுவரக் கூடாது. வெறும் கை!" என்றார் மார்த்தாண்டன்.

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

வெள்ளையப்பன் அண்டாவை எட்டிப் பார்த்தார். சாம்பலைத்தான் அவரும் நினைத்திருந்தார். போச்சு! இத்தனை வருஷ உத்தியோகம் ஒரு மீனால் போகப்போகிறது. பயத்தில் உள்ளங்கை வேறு வேர்த்தது. திரும்பி மார்த்தாண்டனைப் பார்த்தார். மேலும் கீழுமாக இன்னொரு தரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி! தோற்றுப்போனால் இனி எங்கே உங்களைக் காணப்போகிறேன்? ஒருதரம் கட்டிக்கொள்கிறேன்!" என்று பாய்ந்து அணைத்தார். முதுகைத் தடவினார், தோளைத் தடவினார், புஜம் இரண்டையும் உருவினார்.

"போதும் ஐயா, போதும்" என்று மார்த்தாண்டன் நெளிந்தார்.

விட்ட கையோடு அண்டாவுக்குப் போன மந்திரி, செவுளுக்குப் பின்னால் லபக்கென்று பிடித்துத் தூக்கினார். விரால் வாலை அடித்தது, முறுக்கியது, துள்ளியது. கையை விட்டுப் போகவில்லை. ராஜா வெற்றிலையை மென்று, துப்பி, வாயும் கொப்பளித்து முடித்தார்.

"மோசடி! கையெல்லாம் பொடி!" என்று கத்தினார் மார்த்தாண்டன்.

"மகாராஜா, விராலுக்கு அதன் மேலிருக்கிற கொழகொழப்புதான் பலம்" என்றார் வெள்ளையப்பன். "கைக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்து நழுவ வைப்பது அதுதான். பொடி அதைக் குடித்துவிட்டது, பிடி கிடைத்துவிட்டது. நான் எதையும் கொண்டுவரவில்லையே! சபைக்குப் பொடி கொண்டுவந்தவர் அண்ணாச்சிதான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "முத்திரை உம்மிடமே இருக்கட்டும்" என்றவர், மார்த்தாண்டன் பக்கம் திரும்பினார்.

"இவரால் அரண்மனைக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஓய், நீர் சமையற்கட்டில் மீன் அரிகிற இடத்தில் போய் நில்லும். பாவம், ஒவ்வொரு விராலுக்கும் அவர்கள் சாம்பலைத் தேடி அடுப்படிக்கு ஓடுகிறார்கள்!"