சோளக்குழியில் இடம் கேட்டவர்

கரிசல் காட்டு நடுவில் ஒரு சின்ன மடம். அதை நடத்திய ஆத்தாவுக்கு நாற்பது வயசுதான். கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த தவசியாண்டிக்கு அறுபத்து மூன்று. தாடியைப் பார்த்துவிட்டு, வருகிறவர்கள் எல்லாம் அவர் காலில் போய் விழுவார்கள். ஆத்தா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் அவர் வந்து நின்றார். மூன்று நாளாய்ச் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பெரியவரே."

"கொல்லையில சோளக்குழி பாதி காலியாத்தானே கெடக்கு? அதுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிறேன். மேல கல்லைப் போட்டு மூடிருங்க."

"எதுக்கு?"

"உசிருள்ளது ஒண்ணுகூட இல்லாத எடமா வேணும். மனுசங்களைப் பாத்தா அவ ஞாபகம் வருது. ஆட்டைப் பாத்தாலும் வருது."

அவள் என்றது அவர் மனைவி முத்துக்கருப்பாயியை. போன புரட்டாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்க ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தார். பாவம், மடத்திலும் தனியாகத்தான் இருந்தார்.

ஆத்தா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் லாந்தரையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தரைக்குள் ஆழமாய்த் தோண்டிச் சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசி வைத்திருந்த குழி அது. இருவருமாய்க் கல்லைப் புரட்டினார்கள். அவர் அவசர அவசரமாய்க் காலை உள்ளே விட்டார்.

"அட, பொறுங்கய்யா! விளக்கு மொதல்ல போகட்டும்."

லாந்தரை ஏற்றிக் கயிற்றில் இறக்கினாள். பாதி ஆழம் போனதும் சுடர் சுருங்கியது. அப்புறம் அணைந்தே போனது. மேலே இழுத்து மறுபடி ஏற்றி இறக்கினாள். மறுபடியும் அணைந்தது.

"உள்ள காத்தே வீசலியே. யாரு ஊதி அணைச்சா?" என்றார்.

"நீங்க எறங்கினா நீங்களும் இப்படித்தான்."

"அணைஞ்சா அணையட்டும் ஆத்தா."

அவள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை. அவரை இழுத்து உட்காரவைத்துவிட்டு, கிணற்றடி வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிச் சோளம் அள்ளி மேலே கொண்டுவந்தாள்.

"கையை உள்ள விடுங்க."

விட்டார். சட்டென்று எடுத்தார்.

"கதகதன்னு இருக்கு!"

"யாரு அடுப்பு மூட்டினா?"

அவர் வாளியின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"மழைத்தண்ணி கசிஞ்சு ஈரம் பட்டிருக்கு. சோளம் இத்தனை நாளும் மெல்ல மெல்ல விட்டுக்கிட்டிருந்த மூச்சை இப்ப வேகமா விடுது. நாம சோறு தின்னு மூச்சு விட்டு உடம்பு சூடா இருக்கோம்ல, அப்படித்தான். தனக்குள்ள இருக்கிற மாவைக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுச் சூடாகுது. குழிக்குள்ள இருந்த நல்ல காத்தை எல்லாம் அதுதான் தின்னுருக்கு. விளக்குக்கு மிச்சம் வைக்கலை."

"அப்ப உள்ள உசிரு இருக்கா?"

"மூணு வண்டி உசிரு இருக்கு. நீங்கதான் யாருமில்லைன்னு எடம் கேட்டு வந்தீங்க."

தவசியாண்டி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு மணிகளில் வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இருட்டுல தன்னந்தனியாக் கெடந்துக்கிட்டு, யாருக்காக ஆத்தா இது மூச்சு விடுது?"

ஆத்தா தன் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்தாள். முளைவிட்ட மணிகளோடு ஒரு கை சோளம் அள்ளி அதில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"காலையில காட்டோட கிழக்குக் கரையில ஊனுங்க. அதுவரைக்கும் உங்க மடியில இருக்கட்டும்."

அவர் வாங்கிக்கொண்டார். சிந்திவிடுமோ என்று பயந்து மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார்.

"அவ்வளவு இறுக்காதீங்க பெரியவரே. மூச்சு முட்டும்."

"சோளத்துக்கா?"

"ரெண்டு பேருக்கும்."