வெள்ளிங்கிரியின் நாலாவது சீப்பு

"மூணு சீப்பு கொடுத்துட்டேன் தம்பி. மூணையும் தலையில வச்சுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துட்டா. எங்கே தப்பு?"

கேட்ட வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கேட்கப்பட்ட உடும்பன் பத்து வயது இளையவன். ஆனால் ஆனைமலைக் காடர்களில் மூங்கில் சீப்பு செதுக்க அவனை விட்டால் ஆளில்லை.

காடர்களில் ஒருத்தியைக் கல்யாணத்துக்குக் கேட்கிறவன் தன் கையால் சீப்பு செதுக்கித் தரணும். அவள் கொண்டையில் செருகிக்கொண்டால் சம்மதம். திருப்பித் தந்தால் வந்த வழியே நடக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பேன் என்று, சீப்பைத் திருப்பிக் கொடுத்த மயிலாத்தா சொல்லியனுப்பியிருந்தாள்.

உடும்பன் அந்த மூணாவது சீப்பை வாங்கிப் பார்த்தான். மேலே பூவும் கொடியும் கண்ணைப் பறித்தது. பல்லெல்லாம் டவுன் கடைச் சீப்பு மாதிரி மெலிசு, நெருக்கம்.

"பூ நல்லா வந்திருக்கு. எங்கே, உன் தலையை வாரிக் காட்டுண்ணே."

வாரினான். வழுக்கிக்கொண்டு போனது. வாருவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பொள்ளாச்சியில் இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டினவன். லாரி ஷெட்டில் அவன் முடியைக் காக்காக்கூடு என்று சொல்லிச் சிரித்தார்களே என்று அன்றைக்கு ஒட்ட வெட்டினதுதான், அப்புறம் வளரவே விடவில்லை.

"முடி வளர்த்துட்டு வா."

"செதுக்கக் கத்துக்குடுன்னா முடி வளர்க்கச் சொல்றே?"

உடும்பன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

வெள்ளிங்கிரி திட்டிக்கொண்டேதான் வளர்த்தான். மழைக்காலம் முழுக்க வளர்ந்தது. நரையும் கறுப்புமாகச் சுருள் சுருளாக, அவன் அப்பனுக்கு இருந்த அதே முடி. கரடி வந்துருச்சு, தேனை எடுத்து உள்ளே வையுங்கடி என்று மச்சினிமார் கேலி பண்ணினார்கள்.

ஒருநாள் காலையில் அந்தச் சீப்பை எடுத்துத் தலையில் விட்டான். சிக்கிக்கொண்டது. இழுத்தான். உயிர் போகிற வலி. இரண்டு பல் முறிந்து முடிக்குள்ளேயே நின்றது.

மயிலாத்தாவுக்கும் இதே சுருள் முடிதான்; மூன்று தரமும் சீப்பைத் தலையில் விட்டு அவள் முகம் சுளித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்கு நடந்தான்.

பத்து நாள் கழித்து ஓடைப் பாதையில் உடும்பன் அவனைப் பார்த்தான். வெள்ளிங்கிரி பொள்ளாச்சிச் சந்தைக்குக் கிளம்பியிருந்தான். தலையில் குல்லா இல்லை, துண்டு இல்லை. முடி குடை விரித்த மாதிரி நின்றது.

"புதுசா ஒண்ணு செதுக்கினியாமே. காட்டுண்ணே, குறை இருந்தா சொல்றேன்."

"எங்கிட்ட இல்லையே தம்பி."

"பின்னே?"

"மயிலாத்தா தலையில இருக்கு. போய்க் கேட்டுப் பாரு, கழட்டித் தர்றாளான்னு."