கப்பலில் ஏறாத பிள்ளை

முன்னொரு காலத்தில், அரண்மனை உப்பரிகையில் மன்னர் தும்மினால் துறைமுகத்தில் நிற்கிறவன் "ஆயுசு நூறு" என்று வாழ்த்துகிற அளவுக்குக் கடலை ஒட்டி ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த மன்னர் தினமும் சாயங்காலம் உப்பரிகைக்குப் போய் நின்றுகொள்வார். காற்று வாங்குகிறார் என்று சபையார் சொல்லிக்கொண்டார்கள். காற்று வாங்குகிறவர் எதற்கு ஒவ்வொரு கப்பலின் கொடியையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் உத்தியோகம் போய்விடும்.

சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் உடையப்பனுக்குக் காரணம் தெரியும். அவன் துறைமுகத்து வியாபாரிகள் ஆளுக்கொரு வேளை சோறு போட்டு வளர்த்த பிள்ளை. பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிட்டது அவனுக்கு. மன்னரின் மூன்றாம் மகன் செண்பகராமனும் அவனும் ஒரே வயது. ஒன்றாகக் கடலில் குதித்து, ஒன்றாக உதை வாங்கியவர்கள். சில வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு குதிரை விஷயத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் வார்த்தை தடித்தது. "இனி என் கண் முன் நிற்காதே!" என்று மன்னர் கத்திவிட்டார். மகனுக்கும் அதே ரத்தம்தானே? மறுநாளே கப்பலேறிவிட்டான். அன்று துறையில் நின்று ஏறுபலகையை எடுத்தவன் உடையப்பன். அந்தப் பலகையின் கனம் இன்னும் அவன் தோளில் இருந்தது.

அதன் பிறகு இன்னோர் ஆணையும் பிறந்தது. சபையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, அப்படி ஒரு பிள்ளை உண்டு என்றே பேசக் கூடாது. அரச வாக்கு வெளியே வந்தால் வந்ததுதான். மன்னரே நினைத்தாலும் அதை விழுங்க முடியாது.

ஒரு மழைக்காலத்தில் ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்ததும், துறைமுகத்துப் பெரியவர்கள் இருவர் காணிக்கையோடு சபைக்கு வந்தார்கள். ஒருவர் குதிரை வணிகர் செய்யிது மரைக்காயர். மற்றவர் முத்துக்குளிப்பவர்களின் தலைவர் சந்தியாகு பட்டங்கட்டி. வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. உலகம் மூழ்கிய காலத்தில் கப்பல் கட்டிய பெரியவரின் கதையை இருவரும் சொன்னார்கள். மரைக்காயர் அவரை நூஹ் நபி என்றார். பட்டங்கட்டி நோவே என்றார். அதுவரை தகராறு இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில்தான் கதை இரண்டாகப் பிரிந்தது. மூவர், மூவரும் ஏறினார்கள் என்றார் பட்டங்கட்டி; ஏறாத நாலாவது ஒருவனும் உண்டு என்றார் மரைக்காயர்.

மன்னர் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "ஒரு பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டா போனார்? இல்லை, எல்லோரையும் ஏற்றிக்கொண்டாரா? எனக்கு யார் பக்கமும் வேண்டாம். நடந்தது வேண்டும்."

மன்னரின் வரலாற்றை எழுதும் ஓலைநாயகம் சடகோபர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். உடையப்பன் வாயைத் திறந்தாலே சபை சிரிக்கிறது, தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறது என்பதில் அவருக்குப் பல நாள் எரிச்சல்.

"மகாராஜா, நடந்ததை எழுதும் பணியை உடையப்பனிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். ஒரு சொல்லும் ஒரு பக்கம் சாயக் கூடாது. ஒரு சொல்லும் பொய்யாகக் கூடாது. இந்த இரு பெரியவர்களில் ஒருவர் மறுத்துத் தலையசைத்தாலும் அவன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, அதே சமயம் எல்லோருக்கும் கேட்கும்படி, "வியாபாரி வளர்த்த பிள்ளை. மூன்றுக்கும் நாலுக்கும் பேரம் பேசி மூன்றரைப் பிள்ளைகள் என்று முடித்துவிடுவான்" என்றார். சபை சிரித்தது.

மன்னர் சிரிக்கவில்லை. "பௌர்ணமிக்குள் எழுது" என்றார்.

உடையப்பன் நேராகத் துறைமுகத்துக்குப் போனான். நாட்டை விட்டுப் போவது பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு கவலையில்லை. தானும் போய்விட்டால் செண்பகராமனை இந்த ஊரில் நினைத்துக்கொள்ள உப்பரிகையில் நிற்கும் அந்த ஒரு மனிதரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் நெஞ்சை அறுத்தது.

மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கியில் பட்டங்கட்டியும் இருந்தார்.

"எங்க வேதத்துல மூணு புள்ளையளும் மூணு மருமக்கமாரும்தாம் மக்கா" என்றார் பட்டங்கட்டி. "நாலாவது ஒருத்தன் இருந்தாம்னு நான் தலையாட்டுனா கோயில்ல எம் மூஞ்சில முழிப்பானுவளா?"

"எங்களுக்கு அவன் இருந்தான் தம்பி" என்றார் மரைக்காயர். "வாப்பா கூப்பிட்டாரு. மலையில ஏறித் தப்பிச்சுக்குவேன்னுட்டான். ஊடால அலை வந்துருச்சு. அவனை இல்லைங்கறதுக்கு எனக்கு வாய் வராது."

"இல்லைன்னு சொல்ல வேண்டாம் மாமு" என்றான் உடையப்பன். "பேரத்துல முதல்ல என்ன பண்ணுவீங்க? தகராறில்லாத சரக்கைத் தனியா ஒதுக்கிடுவீங்க இல்லியா? அதை எனக்குக் கொடுங்க. மிச்சத்தை அவங்கவங்க பேரு போட்டு அவங்கவங்க பக்கத்துலயே வெச்சுடறேன்."

பட்டங்கட்டி சிரித்தார். "வெளங்குவலே நீ!"

கிளம்பும்போது மரைக்காயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கரையில அந்தப் புள்ளையப் பார்த்தேன். ஊருல மழை பெஞ்சுதான்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கலை. ஆனா மூணு தடவை கேட்டுச்சு." பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பௌர்ணமியன்று சபை கூடியது. உடையப்பன் படித்தான்.

"கப்பல் கட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். வெள்ளம் வந்தது. அவரோடு ஏறிய பிள்ளைகள் மூவர். ஏறாத பிள்ளை ஒருவனும் உண்டு, தகப்பன் கூப்பிட்டும் வரவில்லை என்று மரைக்காயரின் வேதம் சொல்கிறது. அப்படி ஒருவனைப் பற்றிப் பட்டங்கட்டியாரின் வேதம் பேசவில்லை. இதை எழுதுகிறவன் அன்று அங்கே நின்று நனைந்தவன் இல்லை."

மரைக்காயர் ஆமென்று தலையாட்டினார். பட்டங்கட்டியும் ஆட்டினார். சடகோபர் துள்ளி எழுந்தார்.

"இது மழுப்பல்! ஏறியவர்களை யார் கேட்டது? மொத்தம் எத்தனை பிள்ளைகள்? ஒரே எண்ணில் சொல்!"

உடையப்பன் கைகட்டி நின்றான். "ஐயா, நான் கண்ணால் காணாதவரைப் பற்றி எழுதத் திணறுகிறேன். தாங்களோ தினமும் காண்கிறவரைப் பற்றி எழுதுகிறவர். எப்படி எழுதுவது என்று காட்டிக்கொடுங்கள். நம் மகாராஜாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்? ஒரே எண்ணில் சொல்லுங்கள்."

சபையில் சாமரம் வீசிய கை நின்றது.

மூன்று என்றால் ஆணையை மீறியதாகும். தம் ஓலையில் எழுதியிருந்தபடி இரண்டு என்றால் பொய்யாகும். மூன்றாம் குழந்தைக்குப் பெயர் சூட்டிய அன்று வாழ்த்துப்பா பாடிப் பட்டு வாங்கியவரே அவர்தான். அந்தப் பட்டைத்தான் அப்போதும் போர்த்தியிருந்தார். சடகோபர் அதன் நுனியை இழுத்து உள்ளே செருகிக்கொண்டார்.

"போதும்" என்றார் மன்னர். பிறகு மரைக்காயர் பக்கம் திரும்பினார். "அந்தத் தகப்பன்... கூப்பிட்டார் என்கிறதே உம் வேதம்?"

"கூப்பிட்டாரு மகாராஜா. அலை வந்து மறைக்கிற வரைக்கும்."

மன்னர் கடலிருந்த திசைக்குத் திரும்பினார். "நான் கூப்பிடக்கூட இல்லையே. அங்கே பிள்ளை ஏறவில்லை. இங்கே ஏறிவிட்டான். கரையில் கிடக்கிறவன் நான்." எழுந்து நின்று கூப்பிட்டார். "செண்பகராமா!"

எத்தனையோ நாள் வழங்காத அந்தப் பெயர் சபைத் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தது. உடையப்பனுக்குக் கண் கலங்கியது. விகடன் அழுதால் சபை பயந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"பெயரைச் சொல்லி என்ன?" என்றார் மன்னர். "கண் முன் நிற்காதே என்று சொல்லிவிட்டேன். அரசன் சொல் திரும்பாது."

"அதை ஏன் திருப்ப வேண்டும் மகாராஜா? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான் உடையப்பன். "நிற்கத்தானே கூடாது? உட்காரட்டும். கண் முன்தானே கூடாது? பக்கத்தில் உட்காரட்டும்."

மன்னர் அவனை வெறித்துப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எந்த ஓலைநாயகத்தாலும் எழுதியிருக்க முடியாது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உடையப்பனுக்குப் போட்டார்.

"இன்னும் கேள்!"

"என்னை அக்கரைக்கு அனுப்புங்கள் பிரபு. அன்று பலகையை எடுத்தவன் நான். நானே போட்டுவிடுகிறேன்."

சடகோபர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மெல்ல, "மகாராஜா... வரலாற்றில் இனி எத்தனை பிள்ளைகள் என்று எழுதட்டும்?" என்று கேட்டார்.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கப்பல் வந்து சேரட்டும். அதுவரை இரண்டரை என்று எழுதும்."

சபை இடிந்து விழுவதுபோல் சிரித்தது. மறுநாள் உடையப்பனின் கப்பல் பாய் விரித்தபோது, உப்பரிகையில் மன்னர் நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னோர் ஆசனம் போடச் சொல்லி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.