மிக்ஸியின் வயிற்றுப் படம்

சிதம்பரநாதன் என்பவர் வீட்டில் இரண்டு கேமராக்கள் இருந்தன.

பழையது மேசை இழுப்பறையில் ஸ்குரூ டிரைவர்களோடு புரளும். பேட்டரி மூடி உடைந்ததால் அதற்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஓய்வு கிடைத்தால் சிதம்பரநாதனுக்கு எதையாவது கழற்ற வேண்டும். ஃபேனோ ரேடியோவோ, மூடியைத் திறந்ததும் பழைய கேமராவால் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்வார். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் திரும்ப மாட்டுவார்.

புதியது மைத்துனர் வாங்கி வந்தது. கண்ணாடி அலமாரியில், உறைக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக்ஸி உறுமிவிட்டு நின்றுபோனது. அப்போது பழைய கேமரா மொட்டைமாடியில் சாய்ந்திருந்த கொய்யாக் கிளையில் கட்டப்பட்டுக் கிடந்தது. காயைக் கடிப்பது அணிலா கிளியா என்று பார்ப்பது அன்றைக்கு அதன் வேலை. ஆகவே அவர் புதியதை எடுத்தார்.

"பழைய சாமான்காரர் வர்றதுக்குள்ள மாட்டிடுங்க. இல்லேன்னா போட்டுடுவேன்," என்றார் மனைவி விசாலாட்சி.

மிக்ஸி புதுக் கேமராவிடம் கெஞ்சியது. "சார், என் உயிர் உங்க கையில இருக்கு. எல்லா ஒயரும் தெரியிற மாதிரி எடுங்க."

"நீ அசையாம இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றது புதுக் கேமரா.

படம் எடுத்தாயிற்று. சிதம்பரநாதன் ஆறு ஒயர்களையும் கழற்றினார், கரியைத் துடைத்தார், பிறகு படத்தைப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு திருகாணி வைர மூக்குத்தி போல மின்னியது. மற்றதெல்லாம் வண்ணப் புகை.

"சார், என் சிவப்பு ஒயர் எங்கே?"

"மேல் மூலையில செவ்வானம் மாதிரி பரவியிருக்கு பாரு, அதுதான்."

"செவ்வானத்தை எந்த முனையில சார் மாட்டுறது?"

"உனக்கு ரசனை போதாது."

தெருவில் பழைய சாமான்காரரின் குரல் கேட்டது. விசாலாட்சி பையோடு வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கன்னியாகுமரியா?"

"ஒரு நிமிஷம் விசாலம்."

"போன தீபாவளிக்கும் இதே மிக்ஸியைக் கழற்றிப் போட்டீங்களே. அப்ப எடுத்தது அந்த ரப்பர் பேண்டுக்காரன்கிட்ட இருக்காதா?"

சிதம்பரநாதன் மாடிக்கு ஓடினார். பழைய கேமரா உடம்பில் நாலு எறும்போடு இறங்கி வந்தது. தீபாவளிப் படம் அதில் இருந்தது. கோணலான படம். ஓரத்தில் சிதம்பரநாதனின் கால் கட்டைவிரல் வேறு. ஆனால் ஆறு ஒயரும் அதனதன் முனையில் பளிச்சென்று நின்றன.

"அண்ணே! என் குடலை எண்ணிடலாம் போலிருக்கே!" என்றது மிக்ஸி.

"வாயை மூடு. ஒயர் நழுவிடும்," என்றது பழைய கேமரா.

மூடி ஏறியது. சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி கர்ரென்று சுழன்றது. விசாலாட்சி வாசலில் நின்றவரிடம், "ஒண்ணும் இல்லப்பா, போயிட்டு வா," என்று சொல்லி அனுப்பிவிட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டார்.

புதுக் கேமராவுக்கு ஆறவில்லை. "எல்லாம் சரி. கட்டைவிரல் விழுந்த அந்தப் படத்துல அழகுன்னு ஏதாவது இருக்கா? நீயே சொல்லு," என்று மிக்ஸியைக் கேட்டது.

மிக்ஸி சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. அதன் வாய் நிறையத் தேங்காய் இருந்தது.