ரைன் ஆற்றை மறித்த உல்ரிக்

மலையிலிருந்து கடல்வரை ஒரே பேச்சாக இருந்தது. உல்ரிக் அதை உடைத்தான். அதுவும் ஒரு மீன் வாலுக்காக.

ஆறும் மீனும் வாய் திறந்து பேசிய காலம் அது. ஜெர்மானியர் நாட்டில் ரைன் என்றொரு ஆறு. தெற்கே பனிமலையில் பிறக்கும், வடக்கே கடலில் விழும். அந்த நாட்டுக்குப் பேச்சைக் கொடுத்ததே அந்த ஆறுதான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆற்றுநீர் ஒரு சொட்டு நாக்கில் வைப்பார்கள். பேச்சு வந்துவிடும். ஒரே நீர், ஒரே பேச்சு. மலையில் ஒருவன் திட்டினால் கடற்கரைக்காரனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

உல்ரிக் மலைக்காரன். மரம் வெட்டி, தெப்பமாகக் கட்டி, ஆற்றோடு விடுகிறவர்களுக்குத் தலைவன். ஒரே மகள் கிசெலா. அவளைக் கடலோரத் தாழ்நிலத்தில் கட்டிக்கொடுத்தான். கல்யாணப் பந்தியில் பெரிய மீனை அறுத்தார்கள். தலைத்துண்டு மாப்பிள்ளையின் மாமனுக்குப் போயிற்று. உல்ரிக் தட்டில் வால்.

"என்னய்யா, பெண்ணைப் பெத்தவனுக்கு வாலா?"

"மீன் மலையேறினா வால்தானே சம்பந்தி கடைசியில வரும்? நீங்களும் கடைசியாத்தானே வந்தீங்க" என்றான் மாமன்.

பந்தியே சிரித்தது. உல்ரிக் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். ஊருக்கு வந்ததும் நாற்பது ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையிடுக்குக்குப் போனான். பாறைகளை உருட்டி ஆற்றை மறித்தான்.

"அவனுங்க காத்தைக் குடிக்கட்டும்."

"உல்ரிக், வேண்டாம். நான் வெறும் தண்ணீர் இல்லை" என்றது ஆறு.

"வாயை மூடு" என்றான். ஆற்றிடம்!

ஆறு வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

தண்ணீர் பாறை விரிசல்களில் பிதுங்கிக் கசிந்தது. மலைக்காரர் குடித்தது அதைத்தான். பேச்சும் அப்படியே ஆயிற்று. தொண்டையில் உரசிற்று, பல்லிடுக்கில் சீறிற்று. பள்ளத்தாக்குக்கு ஒரு விரிசல், விரிசலுக்கு ஒரு பேச்சு. கீழே தாழ்நிலத்தில் நீர் குட்டையாகத் தேங்கியது. அங்கே பேச்சும் பழைய ஓசையோடு தட்டையாகக் கிடந்தது. இடையில் இருந்தவர்களுக்கு இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். ஏழு வருடம் தெப்பம் போகவில்லை. அதனால் பேச்சு பிரிந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏழாம் வருட வசந்தத்தில் அணையடியிலிருந்து ஒரு சால்மன் மீன் தலையை நீட்டியது. கடலிலிருந்து மலைவரை எல்லா நீரையும் குடித்தது அது. அதன் பேச்சு எவனுக்கும் புரியும்.

"டேய் மரவெட்டி! ஏழு வருஷமா நான் இந்தக் கல்லுல முட்டுறேன். இன்னைக்குக் கல்லு என்னை முட்டுச்சு."

"என்ன உளறுறே?"

"அணை நகருதுடா, முட்டாள். மூணு நாள் தாங்காது. உன் பொண்ணு கீழேதானே இருக்கா?"

உல்ரிக் கையிலிருந்த கோடரியைப் போட்டான்.

"நீயே போய்ச் சொல்லேன்!"

"வயித்துல முட்டை. திரும்பி நீந்த உசிரில்லை. நீ ஓடு."

ஓடினான். முதல் ஊரில் புரிந்துகொண்டார்கள். ஐந்தாவது ஊரில் பாதி புரிந்தது. மறுநாள் மதியம், பாதி வழியில், ஒரு ஓடத்துறைக்கு வந்தபோது அவன் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். பசி என்று நினைத்து ஒருவன் ரொட்டி கொடுத்தான். உல்ரிக் ஆற்றைக் காட்டிக் கத்தினான். ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். கிசெலாவைத் தன் கையாலேயே கொன்றாயிற்று என்று தோன்றிற்று.

அங்கே ஒரு ஓடக்காரி. இரண்டு பக்கத்து ஆட்களையும் ஏற்றி இறக்கிப் பழகிய காது அவளுக்கு.

"மெதுவாச் சொல்லு. தண்ணியா? வருதா? நிறையவா?"

தலையாட்டினான். ஆட்டிவிட்டு மறுபடி ஓட எழுந்தான்.

"எங்கே ஓடுறே? இதுக்குக் கீழே உன் பேச்சு நாய்க்குக்கூடப் புரியாது. உட்காரு. நான் அடுத்த ஊருக்குச் சொல்றேன். அவன் அவனுக்கு அடுத்தவனுக்குச் சொல்லட்டும்."

"அவன் தப்பாச் சொல்லிட்டா?"

"அவன் தனக்கு அடுத்த ஊர்லதான் பொண்ணு எடுத்திருக்கான். தப்பாச் சொல்வானா?"

அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு ஓடத்தின் விளிம்பில் ஏறி, கைகளை வாயில் குவித்து, உல்ரிக் சொல்லியனுப்புவதாகக் கூப்பிட்டாள். ஆற்று வளைவில் ஒரு குரல் அதை வாங்கிற்று. அதற்கப்பால் இன்னொன்று. உல்ரிக் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் சொன்ன சொல் வாய்க்கு வாய் வேறாயிற்று. உரசல் போயிற்று, சீறல் போயிற்று, கடைசியில் அவனுக்கே அந்நியமாகித் தேய்ந்து மறைந்தது. ஆனால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதனும் நகரவில்லை. செய்தி கடலை நோக்கி ஓடிற்று. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் வடக்கிலிருந்து பதில் வந்தது. அறுபது வாய் மாறி வந்த பதில். அவனுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஓடக்காரி அதை அவன் வாய்க்கு மாற்றிக் கொடுத்தாள்.

"எல்லாரும் மண்மேட்டுல ஏறிட்டாங்க. மாடு கன்னும் ஏறியாச்சு. கிசெலான்னு ஒருத்தி கேக்குறா: 'அப்பா, நீங்க மேட்டுல இருக்கீங்களா?'"

உல்ரிக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"சீக்கிரம் சொல்லுய்யா. அங்கே காத்துக்கிட்டிருக்காங்க."

"இருக்கேன்னு சொல்லு" என்றான். அதுவும் கைமாறிப் போயிற்று.

அன்று சாயங்காலம் அணை உடைந்தது. வெள்ளம் வீடுகளைக் கொண்டுபோயிற்று. ஓர் உயிரைக்கூடத் தொடவில்லை. நீர் மறுபடி ஒன்றாயிற்று. நாக்கு மட்டும் திரும்பவில்லை. ஏழு வருடப் பழக்கம், எப்படித் திரும்பும்? ஆனால் மலைக்காரனும் கடற்கரைக்காரனும் பேசவேண்டுமென்றால் அந்த ஓடத்துறைக்குத்தான் வந்தார்கள். ஓடக்காரி இவனிடம் ஒரு சொல், அவனிடம் ஒரு சொல் எடுத்துப் பொதுவில் வைத்தாள். பிற்பாடு எழுத்து வந்தபோது அதைத்தான் எழுதினார்கள்.

அந்த நாட்டில் இன்றைக்கும் பக்கத்து ஊர்ப் பேச்சு புரிகிறது, பத்தாவது ஊர்ப் பேச்சு புரிவதில்லை. எழுத உட்கார்ந்தால் மட்டும் எல்லோரும் ஒரே துறைக்கு வந்து சேர்கிறார்கள். எல்லாம் அந்த அணையாலும் வெள்ளத்தாலும் வந்ததுதான். உடைத்தவன் உல்ரிக். ஒட்டவைத்த ஓடக்காரியின் பெயர் ஒடிலியா.