மிதிக்கக் கூடாத வட்டம்

இங்கிட்டு வா தன்ஷி, அத்தை பக்கத்துல படு. மூஞ்சிய ஏன் இப்பிடித் தூக்கி வச்சிருக்க? சாயங்காலம் தெருவுல வட்டம் தாண்டி விளையாடையில காலி வட்டத்தை மிதிச்சிட்டேன்னு அவுட்டாக்கிட்டாங்களா? அதுக்குத்தான் சோறு கூட ஒழுங்காத் திங்கலையா? "யாருமே நிக்காத வட்டம்தானே அத்தை, மிதிச்சா என்ன?"ன்னு கேக்குற. நல்ல கேள்விதான். அழுகாமக் கேட்டா பதில் சொல்றேன். மூக்கைச் சிந்து. என் சேலையில இல்லடி கழுத, துண்டுல!

இப்பக் கேளு. நான் நிறுத்துற இடத்துல எல்லாம் "ம்" சொல்லணும். சொல்லலைன்னா கதை அங்கேயே நின்னுக்கும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கோலமாவுக்காரர் இருந்தாராம். சைக்கிள் பின்னாடி ஒரு மூட்டை வெள்ளை மாவு. அதை அள்ளிப் போட ஒரு கொட்டாங்குச்சி. விடியக்காலம் "கோலமாவேய்ய்ய்!"ன்னு ஒரு சத்தம் குடுத்தார்னா, தெருவுல தூங்குற நாயெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கும். தொண்டை அப்பிடி. ம் சொல்லு.

அப்புறம் அந்த ஊருக்கு ஒரு நோய் வந்துச்சு. அந்த ஊருக்கு மட்டுமா, உலகம் பூராவும் வந்துச்சு. இருமுனா வரும், தும்முனா வரும், பக்கத்துல நின்னாலே வரும். ஸ்கூலைப் பூட்டியாச்சு, பஸ்ஸை நிப்பாட்டியாச்சு, சாமியைக் கூட கோயிலுக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு. சனமெல்லாம் வீட்டுக்குள்ள. பழைய ஜாக்கெட் துணியைக் கிழிச்சு வாய்க்குக் கட்டிக்கணும். வெளிய போய்ட்டு வந்தா சோப்புப் போட்டு சளக் சளக்குன்னு கை கழுவணும். கபசுரக் குடிநீர்னு ஒரு கசாயம் குடுப்பாங்க. ஐயய்ய, அந்தக் கசப்பு! இப்ப நெனச்சாலும் நாக்கு உள்ள இழுத்துக்குது. முடிவெட்டக் கடை கிடையாது. பொண்டாட்டிமாரே புருஷனுக்கு வெட்டிவிட்டு, பாதிப்பேரு தலை எலி கடிச்ச தேங்கா மாதிரி ஆயிப்போச்சு. சிரிக்கிறியா? சிரி, சிரி.

ஆனா ரேஷன் அரிசி வாங்கணும்ல? கடை வாசல்ல நம்ம சனம் சும்மா நிக்குமா? முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு தள்ளுமுள்ளு. போலீஸ்காரர் பீப்பீன்னு விசில் ஊதுறாரு, எவன் கேக்குறான்? அப்போ கோலமாவுக்காரர் வந்தாரு. யாவாரம் படுத்துப்போய் மாவு மூட்டை சும்மாதான் கெடந்துச்சு. குனிஞ்சு, கொட்டாங்குச்சியில அள்ளி, சர்ர்ர்ருன்னு ஒரு வட்டம் போட்டாரு. தள்ளி இன்னொண்ணு, அதுக்குத் தள்ளி இன்னொண்ணு. "ஆளுக்கொரு வட்டம்! வெளிய கால் வச்சான்னா மாவைத் தலையில கொட்டிருவேன்!"ன்னு ஒரு அதட்டு. எல்லாரும் ஓடிப்போய் வட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டாங்க.

அப்போ நம்ம ஆளுக என்ன செஞ்சாங்க தெரியுமா? வெயில் சுள்ளுன்னு அடிக்குதுன்னு, செருப்பைக் கழட்டி வட்டத்துல வச்சு எடம் போட்டுட்டு, எல்லாரும் மரத்தடியில போய் கும்பலா உக்காந்துக்கிட்டாங்க! செருப்பெல்லாம் சமத்தாத் தள்ளித் தள்ளி நிக்குது, ஆளெல்லாம் ஒட்டிக்கிட்டு ஊர்வம்பு பேசுது. "அடேய், நோய் செருப்புக்கா வரும்?"னு கத்திக்கிட்டே அவரு மரத்தடியிலயும் போய் வட்டம் போட்டாரு.

காத்தடிச்சா மாவு கலைஞ்சிரும்ல? தினம் விடியுமுன்ன வந்து புதுசாப் போடுவாரு. சாக்கடை ஓரமா ஒரு வட்டம் விழும். நாத்தம்னு அதுல ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. "சரி, அது என் வட்டம்"னுட்டாரு. செருப்புக்குப் பதிலா கொட்டாங்குச்சியைக் கவுத்தி வச்சு எடம் போடுவாரு. ம்? தூங்கிட்டியா? சரி, முழிச்சுத்தான் இருக்க.

அப்புறம் ஒருநாள் வட்டமெல்லாம் போட்டு முடிச்சு, கொட்டாங்குச்சியைக் கவுத்தி வச்சாரு. லொக்கு லொக்குன்னு இருமல். ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஙொய்ங் ஙொய்ங்குனு ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போச்சு. அம்புட்டுத்தான். அவரு வரல.

நோயில போனவுக பக்கத்துல அப்போ யாரும் போகக் கூடாது. அவருக்கு ஒரு மக இருந்தா. அப்பனை மாதிரியே வாய் நீளம். அவளுக்குக் கூட மூஞ்சியைக் காட்டல. ஒரு சங்கு ஊதல, ஒரு மாலை விழல. இம்புட்டு ஆளைக் காப்பாத்துன மனுசன் தனியாப் போறாரேன்னு வாசப்படியில உக்காந்து அழுது தீத்தா.

மறுநாள் ரேஷன் கடையில, அவரு போட்ட தடத்து மேலயே சனம் மாவு போட்டுக்கிட்டுக் கூட்டம் நகருது. சாக்கடை ஓர வட்டத்துல கொட்டாங்குச்சி கவுத்தபடியே இருக்கு. ஒரு ஆளும் அதைத் தொடல, அந்த வட்டத்தை மிதிக்கல. முந்துன வட்டத்துல இருந்து அடுத்த வட்டத்துக்கு ஒரே தாண்டு. வெளியூர்க்காரன் ஒருத்தன் காலை வைக்கப் போனான். "யோவ், அங்க ஆளு நிக்குதுய்யா, தாண்டிப் போ!"ன்னுச்சு கூட்டம். அதைக் கேட்டுட்டு வந்துதான் அந்த மக சோறு தின்னா.

அப்புறம் நோய் போயிருச்சு. சனம் பழையபடி ஒட்டிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சுருச்சு. மகளுக்குப் பக்குன்னு ஆயிருச்சு. இனிமே பொறக்குற பிள்ளைகளுக்கு இது ஒண்ணும் தெரியாமப் போயிருமே, அப்பா நின்ன எடம் இல்லாமப் போயிருமேன்னு. விட்டுருவாளா?

மொதல்ல, பெயிண்ட் வாங்கியாந்து வட்டத்தை எல்லாம் அழுத்தமா வரைஞ்சா. அடுத்த மாசமே கடகடகடன்னு ரோடு ரோலர் வந்து நிக்குது. குறுக்க போய் நின்னா. "அக்கா, உங்க தெருக்காரங்க கேட்ட ரோடுதானேக்கா?"ன்னாரு டிரைவர். மழைக்கு முட்டளவு சகதியில நடந்த தெருவாச்சே. நகந்துக்கிட்டா. வட்டமெல்லாம் தாருக்கு அடியில போயிருச்சு.

அப்புறம், வீடுவீடாப் போய் எல்லாரையும் பேசச் சொல்லி போன்ல வீடியோ எடுத்தா. தெருவே பாத்து அழுதுச்சு, தெருவே பாத்து சிரிச்சுச்சு. ஒருநாள் தண்ணி பிடிக்கையில போனு டொபுக்குன்னு தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. எல்லாருக்கும் அனுப்புனது யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டுப் போனா, காதுகுத்து வீடியோவுக்கு எடம் இல்லன்னு எல்லாரும் அழிச்சுப்புட்டாங்க.

அப்புறம், எல்லாரும் சேர்ந்து ஃப்ளெக்ஸ் வைக்கலாம்னாங்க. வார்டுல பெரிய மனுசன் ஒருத்தர், "என் படத்தை மேல போடுங்க"ன்னாரு. அவரு மச்சான் படம் வந்துச்சு, மச்சானுக்குக் கூட்டாளி படமும் வந்துச்சு. கோலமாவுக்காரர் கடைசி மூலையில கடுகாட்டம் ஆயிட்டாரு. மழை வந்ததும் எவனோ அதைக் கழட்டி ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுட்டான். பெரிய மனுசன் சிரிச்ச மூஞ்சிக்குக் கீழ ஆடு மே மேன்னு நிக்குது!

மகளுக்கு வாய் நீளம் எல்லாம் போயிருச்சு. தோத்துட்டேன்ப்பான்னு ரோட்டோரம் உக்காந்துட்டா.

அப்போ சாயங்காலம். அந்தப் புது ரோடு சிலேட்டுப் பலகை மாதிரி கருகருன்னு கெடக்கு. அம்மாக்களோட அந்த வட்டத்துல நின்ன பிள்ளைக எல்லாம் சாக்பீஸை எடுத்துட்டு வந்து, சர்ர்ர்ருன்னு வட்டம் போட்டுச்சுக. மொத வட்டத்துல வாயைப் பொத்து. அடுத்ததுல கையைக் கழுவு. அதுக்கடுத்ததுல கசப்பு மூஞ்சி காட்டு. அப்புறம் சாக்கடை ஓரமா ஒரு காலி வட்டம். அதை ஒரே தாண்டு! அந்தப் பக்கம் எலி கடிச்ச தலையைத் தடவு, ஓடிப் போய் அரிசிப் பையைத் தொடு. ஜெயிச்சவுக என்ன கத்தணும்? சொல்லு பாப்போம்.

ஆமாடி, "கோலமாவேய்ய்ய்!"

தினமும் நீ தொண்டை கிழியக் கத்துறது அதுதான். அந்தப் பிள்ளைக எல்லாம் வளந்து காலேஜுக்குப் போயிருச்சுக. ஆட்டம் போகல. நோய்க்கு அப்புறம் பொறந்த நீங்க, எதுக்குன்னு தெரியாமலே தாண்டுறீங்க.

என்ன எந்திரிச்சு உக்காந்துட்ட? "நம்ம சாமி படத்துகிட்ட ஒரு கொட்டாங்குச்சி இருக்கே"ங்குற. அதேதான். அந்தக் கோலமாவுக்காரர் பேரு சோணமுத்து. உங்கப்பனுக்கும் எனக்கும் அப்பா. உன் தாத்தா. அந்த வாய் நீளக்காரி? வேற யாரு, உன் பக்கத்துல படுத்திருக்கவதான்.

ஐயோ, ஏன் உதட்டைப் பிதுக்குற? "தாத்தாவையா மிதிச்சேன்?"னு அழுகாதடி தங்கம். நீ பொறக்குமுன்னாடியே போயிட்டாரு. உன்னைத் தூக்கிக் கொஞ்ச அவருக்குக் குடுத்து வைக்கல. இன்னைக்கு நீயாப் போய் அவரு வட்டத்துல நின்னிருக்க. பேத்திக்கு எடம் குடுக்காமயா போயிருவாரு? தள்ளி நின்னு குடுத்திருப்பாரு.

ஆனா அவுட்டு அவுட்டுதான்! நாளைக்கு அழுகுணி ஆட்டம் ஆடுனேன்னா மாவை உன் தலையில கொட்டிருவாரு. ஒழுங்காத் தாண்டணும், தாண்டிட்டு அவருக்குக் கேக்குற மாதிரி கத்தணும். என்ன?

ம். சொல்லிட்டியா? அப்ப சரி. தாத்தா அவரு வட்டத்துல, நீ உன் பாய்ல. கதை கொட்டாங்குச்சியைக் கவுத்திருச்சு, நீ கண்ணை மூடு.